ஒதுங்கு என்கிறது மணி!

மிதிவண்டியில் மணி எதற்காகப் பொருத்தப்பட்டிருக்கிறது? "நான் வருகிறேன்" என்று அறிவிக்கவா? "நீ ஒதுங்கு" என்று ஆணையிடவா? சிறு கேள்விதான். கட்டை விரலால் தட்டி எழுப்பும் ஓசைக்கு ஒரு தலையங்கமா என்று முகம் சுளிப்பவரும் இருப்பர். இருக்கட்டும். நாட்டை ஆள்வது யார் என்று ஆண்டு முழுதும் எழுதுகிறோம். வீதியை ஆள்வது யார் என்று ஒருநாள் எழுதினால் ஏடு தேய்ந்துவிடாது.

ஆலங்குளம் சாலையைக் காலை வேளையில் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை எழுந்த ஆலங்குளம் என்றால் தொழிலாளத் தோழர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ராசபாளையத்துப் பஞ்சாலைகளும், சிவகாசி வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளும், சிமெண்ட் ஆலையும் உழைக்கும் கரங்களை இழுத்துக்கொள்ளும் வட்டாரம் அது. சாலையோ ஒன்றுதான். அந்த ஒரு சாலையில் லாரி வரும். பெண்களைப் பட்டாசு ஆலைக்கு ஏற்றிச் செல்லும் வேன் வரும். பால்கேன் இரண்டு பக்கமும் தொங்க மிதிவண்டி வரும். அரசு கொடுத்த மிதிவண்டியில் பள்ளிப் பெண் வருவாள். ஆட்டு மந்தை வரும். தலையில் புல்லுக்கட்டோடு ஆத்தா ஒருத்தி நடந்து வருவாள். சாலையின் ஓரத்தையோ மக்காச்சோளம் காயப்போட்டு ஒருவர் எடுத்துக்கொண்டிருப்பார். அவர் விட்ட இடத்தைச் சீமைக் கருவேலம் எடுத்துக்கொண்டிருக்கும். நடைபாதை என்ற ஒன்று சென்னைப் பட்டணத்துக்காரருக்குப் படைக்கப்பட்ட பண்டம். சிற்றூரானுக்கு அது இல்லை. ஆக, தார்ச்சாலையின் விளிம்பும் அதை ஒட்டிய மண்தடமுமே இங்கே நடப்பவர்க்கும் மிதிப்பவர்க்கும் பொதுப் பாதை.

அந்தப் பொதுப் பாதையில் நடக்கும் போரைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

புல்லுக்கட்டு சுமந்து போகும் ஆத்தாவைக் கவனியுங்கள். கழுத்தைத் திருப்ப முடியாது. கட்டு இருபுறமும் சரிந்து கண்ணையும் காதையும் மறைக்கும். பின்னால் மணி ஒலிக்கிறது. இடப்பக்கமா, வலப்பக்கமா, எவ்வளவு தொலைவு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டதும் பதறுகிறாள், பதறியதும் ஒரு பக்கம் சாய்கிறாள், அந்தப் பக்கமாகத்தான் வண்டிக்காரனும் நுழைய நினைத்திருக்கிறான். இடித்தும் இடிக்காமலும் நின்றுவிட்டால் நல்லூழ். உடனே வாய் திறக்கிறது: "ஏ கிழவி, காது செவிடா?" பேசுபவன் சீமான் வீட்டுப் பிள்ளை அல்லன். ஆலைக்கு நேரமாகிவிட்டதே என்று விரையும் நம் தோழன். அவன் தாயும் நேற்று இதே வழியில் இதே போன்ற கட்டைச் சுமந்து போனவள்தான்!

வேகம் என்ன செய்கிறது என்பதை அந்தத் தோழன் எண்ணிப் பார்த்ததில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மிதிவண்டி, ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் கடக்கிறது. நடப்பவர் அதே நொடியில் ஒன்றரை மீட்டரைத் தாண்ட மாட்டார். திடுக்கிட்டுப் பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு நொடி போய்விடுகிறது. அதாவது நான்கு கட்டில் நீளத்துக்கு வண்டி தன் விருப்பப்படி ஓடியிருக்கிறது. வேகம் இரு மடங்கானால் மோதலின் வலு இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. மெல்லிய வண்டிதானே என்று யாரும் அலட்சியம் பேச வேண்டாம்.

இந்தச் சச்சரவு மிதிவண்டியோடு உடன்பிறந்தது. 1817-ல் ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்தில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களை ஒரு சட்டத்தில் பூட்டி, காலால் தரையை உந்தி உந்தி ஓட்டிக் காட்டினார். மிதி கிடையாது, சங்கிலி கிடையாது. ஆனால் வண்டித் தடம் பதிந்து குண்டும் குழியுமான சாலையில் அது ஓடவில்லை. ஓட்டியவர்கள் என்ன செய்தார்கள்? நடப்பவர்களுக்கென இருந்த பாதையில் ஏறினார்கள். ஊரார் அலறினார்கள்; நகராட்சிகள் தடை போட்டன. இங்கிலாந்தில் 1835-ல் நெடுஞ்சாலைச் சட்டம், நடைபாதையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கியது. அந்த டிரைஸ் ஒரு பிரபு. 1849-ல் ஜெர்மானிய மக்கள் புரட்சியில் எழுந்தபோது பிரபுப் பட்டத்தை உதறி எறிந்துவிட்டுக் குடிமகன் டிரைஸ் என்று தம்மை அழைத்துக்கொண்டார். இரு சக்கரத்தைத் தந்தவர் பட்டம் துறந்தார். அதன்மேல் ஏறி உட்கார்ந்த நாம் பட்டம் சூடிக்கொள்ளப் பார்க்கிறோம்! விந்தைதான்.

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. மிதிவண்டிக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிடியில் அது இல்லை. ஆனால் பொதுவழியில் பிறர் உயிருக்கு ஊறு நேரும்படி கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதோ சவாரி செய்வதோ குற்றம் என்று 1860-ல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு சொன்னது. 2024 சூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் அதுவே 281-ஆம் பிரிவு. ஆறு மாதச் சிறை வரை, ஆயிரம் ரூபாய் தண்டம் வரை. (சட்டத்தின் பெயரை வடமொழியில் சூட்டி மூன்று மொழிக்காரன் நாக்கையும் சுளுக்க வைத்தார்களே, அது வேறு வழக்கு, இன்னொரு நாள் பேசுவோம்.) ஆனால் மிதிவண்டிக்காரன் மேல் அந்தப் பிரிவு பாய்ந்து யார் பார்த்தது? முன்பெல்லாம் நகராட்சிப் பில்லை இல்லாவிட்டால் தண்டம், இரவில் விளக்கு இல்லாவிட்டால் தண்டம், இருவர் ஏறினால் தண்டம் என்று இருந்தது. காவலர் நிறுத்தி, சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டு, ஏழையை ஊர்வரை உருட்டிக்கொண்டு நடக்கவைத்த கதைகளைப் பெரியவர்களிடம் கேளுங்கள். நடப்பவரைக் காக்கவா அந்தத் தண்டமெல்லாம்? பெரும்பாலும் ஏழையின் மடியைத் தடவவே பயன்பட்டது. அந்தக் காலம் திரும்பவேண்டாம். தடியும் தண்டமும் கற்றுக்கொடுக்காத ஒன்றைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

வீதியில் ஒதுங்குதல் என்பது நமக்குப் புதிய பாடமன்று, தோழர்களே. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணின் மக்களில் ஒரு பகுதியினருக்கு அது ஒன்றுதான் பாடமாகக் கற்பிக்கப்பட்டது. எதிரே மேல்சாதிக்காரன் வந்தால் ஒதுங்கு! தோளில் துண்டு கிடந்தால் இறக்கு! காலில் செருப்பு கிடந்தால் கையில் எடு! திருவிதாங்கூரில், வைக்கத்து மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நாயும் பன்றியும் நடந்தன. ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்றார்கள். கோயிலுக்குள் நுழைய அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள பொதுச் சாலையில் நடக்க! அதற்காக 1924 மார்ச்சில் போர் தொடங்கிற்று. ஈரோட்டுப் பெரியார் அங்கே சென்றார், இருமுறை சிறைப்பட்டார், நாகம்மையார் பெண்களைத் திரட்டிக்கொண்டு களத்தில் நின்றார். 1925 நவம்பரில் போர் முடிந்தபோதும் எல்லாத் தெருவும் திறக்கவில்லை. கிழக்குப் பக்கம் அடைபட்டே கிடந்தது. 1936-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகே அதுவும் திறந்தது. ஒரு சாலையில் நான்கு புறமும் மனிதன் நடக்கப் பன்னிரண்டு ஆண்டுகள்!

நடைக்கே அந்தப் பாடு என்றால் சக்கரத்துக்கு? தென்மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ஆதித்திராவிடத் தோழர் மிதிவண்டியில் வந்தால், குறிப்பிட்ட தெரு தொடங்கும் இடத்தில் இறங்கவேண்டும். உருட்டிக்கொண்டே தெருவைக் கடக்கவேண்டும். கடந்த பிறகு ஏறிக்கொள்ளலாம். மறந்துபோய் ஏறியபடியே வந்தவன் அடிபட்டான், வண்டி நொறுக்கப்பட்டது. இது பழங்கதை என்று எவரேனும் சொன்னால், நாடாளுமன்றம் 2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது என்ன எழுதிச் சேர்த்தது என்று படித்துப் பார்க்கட்டும். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஏறிச் செல்வதைத் தடுப்பது குற்றம். செருப்பணிவதை, புத்தாடை உடுப்பதைத் தடுப்பது குற்றம் என்று மூன்றாம் பிரிவில் எழுதினார்கள். 2016 சனவரி 26 முதல் அது நடப்பில் இருக்கிறது. வானூர்தி விட்டு, செவ்வாய்க் கோளுக்குக் கலம் அனுப்பிய நாடு, மிதிவண்டியில் ஏறும் உரிமையைச் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டியிருந்தது. இல்லாத நோய்க்கு எவரும் மருந்து எழுதுவதில்லை.

இந்த வரலாறு தெரிந்தவன் எவனும் மணியை ஒரு மாதிரியாகத்தான் அடிக்க முடியும்.

ஏனென்றால் "மரியாதை" என்ற சொல்லே இங்கே மேல்நோக்கி மட்டும் ஓடப் பழக்கப்பட்டது. கூலிக்காரன் பண்ணையாருக்குக் கொடுப்பது மரியாதை. பெண் ஆணுக்குக் கொடுப்பது மரியாதை. சேரி ஊருக்குக் கொடுப்பது மரியாதை. பண்ணையார் கூலிக்காரனுக்கு வழிவிட்டால் அதற்குப் பெயர் பெருந்தன்மையாம்! சுயமரியாதை இயக்கம் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டது. கிழித்த கையால் நாமே புதிதாய் ஒரு கணக்கு எழுதலாமா? சாதியால் ஒதுங்காதே என்றோம், சரி. சக்கரத்துக்கு ஒதுங்கு என்கிறோமே, இது எந்தப் பகுத்தறிவில் சேர்த்தி? காலில் நடப்பவன் கீழ், மிதிப்பவன் மேல், மோட்டாரில் போகிறவன் அதற்கும் மேல், காரில் போகிறவன் தலைக்கு மேல் என்றால், இதுவும் நான்கு வருணம்தானே! நடுப்படியில் இருப்பவன் மேற்படியைப் பார்த்துக் குமுறுவதும் கீழ்ப்படியைப் பார்த்து உறுமுவதும் அந்தப் பழைய ஏணியின் குணமேயன்றி வேறென்ன?

அண்ணா மூன்று சொற்களைக் கழகத் தோழர்களுக்குத் தந்தார்: கடமை, கண்ணியம், கட்டுப்பாடு. சுவரெங்கும் எழுதினோம். மேடைக்கு மேடை முழங்கினோம். அந்த நடுச்சொல் மேடைக்கு மட்டும் உரியதா? எதிர்க்கட்சிக்காரனைத் தரக்குறைவாகப் பேசாதிருப்பது மட்டுமா கண்ணியம்? புல்லுக்கட்டு ஆத்தாவின் பின்னால் வேகத்தைக் குறைத்து, "ஆத்தா, வலப்பக்கமா வாறேன்" என்று குரல் கொடுத்துக் கடப்பதும் அதுதான். மணியைவிட மனிதக் குரல் நல்லது என்பது நம் கட்சி. குரலுக்குத் திசை உண்டு, முறை உண்டு. அம்மா என்றோ அண்ணாச்சி என்றோ கூப்பிட்டவனை யாரும் முறைப்பதில்லை.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: "ஐயா, லாரி அடித்துச் சாகிறவனைப் பற்றி எழுதாமல், மிதிவண்டிக்காரனைப் பிடித்து உலுக்குகிறீரே! ஏழையின் வாகனம் அல்லவா அது?" நியாயமான கேள்வி. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,000-க்கு மேல். அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,000-க்கு மேல். இந்தச் சாவுகளில் பெரும்பங்கு மோட்டாருடையது; மிதிவண்டியுடையது அன்று. மிதிவண்டிக்காரனும் அந்தப் பலிப்பட்டியலில் இருப்பவனே. லாரிக்காரன் உரசிக்கொண்டு போகும்போது கைப்பிடி நடுங்க மண்தடத்தில் இறங்கியவனுக்குத் தெரியும் அந்த வேதனை. அதனால்தான் சொல்கிறோம். "நான் சிறியவன், என்னைப் பார்த்து ஓட்டு" என்று லாரியிடம் கேட்க உரிமை உள்ளவன், தன்னினும் சிறியவருக்கு அதே உரிமையைக் கொடுத்தாகவேண்டும். பிரிட்டனில் 2022 சனவரியில் சாலை விதி நூலைத் திருத்தியபோது இதைத்தான் முறையாக எழுதினார்கள்: அதிகக் கேடு விளைவிக்கக் கூடியவர் எவரோ அவருக்கே அதிகப் பொறுப்பு. லாரி, கார், மோட்டார் சைக்கிள், மிதிவண்டி, கடைசியில் நடப்பவர் என்று வரிசை வைத்தார்கள். நடப்பவரிலும் குழந்தை, முதியோர், உடல் ஊனமுற்றோர் முன்னே. வெள்ளைக்காரன் சொல்லிவிட்டான் என்பதற்காக நாம் ஏற்கவில்லை; வலியோன் எளியோனைத் தாங்கவேண்டும் என்ற கணக்கு நமக்குப் புரிந்த கணக்கு என்பதால் ஏற்கிறோம்.

இன்னொரு கூட்டமும் உண்டு. இப்போது ஊருக்கு ஊர் காலை வேளையில் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் இறுகிய வண்ணச் சட்டையுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பறக்கிறார்கள். ஒரு வண்டியின் விலையில் நம் தோழர் வீட்டுக் கலியாணம் நடந்துவிடும். உடல்நலத்துக்காக மிதிக்கிறார்கள்; நல்லது. காரை விட்டு இறங்கினார்களே, அதுவே பெரிது. கேலி பேச நமக்கு விருப்பமில்லை. ஆனால் சாலையை ஓட்டப் பந்தயத் திடலாக்கி, பால்கேன்காரனைப் பார்த்து "ஓரம் போ" என்று கத்துவானேன்? அவர்களுக்குப் பொழுதுபோக்கு, பால்காரனுக்கு அது பிழைப்பு. பால் கறந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும், கேன் ததும்பக்கூடாது, அவன் திடீரென்று வளைய முடியாது. ஓட்டத் தெரிந்தவர்கள் இந்த அறிவையும் பெறவேண்டாமா?

பெண்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் உடைப்பவளும் வயலில் நடுபவளும் ஆயிரக்கணக்கில் வண்டி ஏறினார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. ஆண்கள் சிலர் நகைத்தார்கள், பெண்கள் மிதித்தார்கள். 2001-ல் பள்ளிப் பெண்களுக்கு விலையில்லா மிதிவண்டி வந்தது, முதலில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு, பின்னர் எல்லோருக்கும். தொடங்கியது கழக ஆட்சியன்று, மாற்றார் ஆட்சி. அதனாலென்ன? 2006-ல் வந்த கழக ஆட்சி அதை நிறுத்தாமல் நடத்தியது. நல்லதை எவர் தொடங்கினாலும் நல்லதே. ஆனால் அந்தப் பெண் பள்ளிக்குப் போகும் வழியில், பின்னாலேயே வந்து மணியடிப்பதும், பக்கத்தில் ஒட்டி ஓட்டுவதும், முன்னே போய் வெட்டித் திருப்புவதும் வீரமாக நினைக்கும் விடலைகள் இருக்கிறார்களே! ஒருநாள் அவள் விழுவாள். மறுநாள் வீட்டில் சொல்வார்கள்: "படித்தது போதும்." ஒரு மணியோசையில் ஒரு படிப்பு நின்றுபோகும். பெண்களைப் பொது இடத்தில் தொல்லை செய்வதற்கெதிராகத் தமிழ்நாட்டில் 1998 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. விடலைகளுக்கு அது தெரியாமல் இருக்கலாம். அவர்களுடைய அண்ணன்மார்களாகிய நம் கிளைக்கழகத் தோழர்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. தெருமுனையில் கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள்தானே? அந்த வழியாகத்தானே இது நடக்கிறது?

ஆட்சியாளருக்கும் ஒரு சொல். சென்னை மாநகராட்சி 2014-ல் நடப்போர்க்கும் மிதிவண்டிக்குமெனத் தனிக் கொள்கை வகுத்தது. தியாகராய நகர்ப் பாண்டி பசாரில் 2019-ல் அகன்ற நடைவளாகம் திறக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் ஆலங்குளத்துச் சாலையில் நடக்கும் காலும் கால்தான். மண்தடம் வேண்டும் என்கிறோம். பளிங்குக் கல் கேட்கவில்லை. தாரின் விளிம்பு முழம் உயரத்தில் நிற்காமல் மண்ணிட்டு நிரவினால் மிதிவண்டி இறங்கி ஏறலாம். வளைவுகளில் கண்ணை மறைக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டினால் எதிரே வருவது தெரியும். முள் குத்திப் பஞ்சராவதும் குறையும். களம் கட்டிக்கொடுத்தால் மக்காச்சோளம் சாலைக்கு வராது. இடம் குறுகக் குறுகத்தான் மனிதன் மனிதன்மேல் சீறுகிறான். இடத்தை அகற்றாமல் பண்பை மட்டும் போதிப்பது அரைவேலை. ஊராட்சியில் தீர்மானம் போட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பக் கூடுமானவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

தோழர்கள் மிதிவண்டிப் பேரணி நடத்துகிறார்கள். மிதிவண்டி நம் சின்னமன்று. 1996-ல் மூப்பனார் தொடங்கிய கட்சிக்குக் கிடைத்த சின்னம் அது. ஆயினும் கறுப்பு சிவப்புக் கொடி கட்டினால் நமக்காகவும் ஓடத்தான் செய்கிறது. அடுத்த பேரணிக்குச் சில ஏற்பாடுகளைச் செய்யுங்கள். இரண்டு பேருக்கு மேல் இணையாகப் போகாதீர்கள். ஊருக்குள் நுழையும் இடத்திலும் பள்ளி விடும் நேரத்திலும் வேகத்தைக் குறையுங்கள். நடப்பவர்களை ஊதலடித்து விரட்டுவதற்கென ஆள் வைக்கிற வழக்கத்தைக் கைவிட்டு, ஊர்வலத்தை நிறுத்தி அவர்களைக் கடக்க வைப்பதற்கென இருவரை வையுங்கள். எந்தத் தெருவில் இறங்கி உருட்டச் சொல்கிறார்களோ அந்தத் தெருவில் ஆதித்திராவிடத் தோழரை முன்வண்டியில் ஏற்றி, ஏறியபடியே, அமைதியாக ஓட்டிச் செல்லுங்கள். புறப்படும் முன் ஒவ்வொரு வண்டியின் பிரேக் கட்டையையும் பார்த்துவிடுங்கள். தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், கொடி கட்டுவது அதன் பிறகு ஆகட்டும்.